கையால் செய்யுங்கள், ஆனால் கல்யாணத்தன்று செய்யாதீர்கள்

சென்ற வாரம் எங்களைப் பார்க்க வந்த இருவர், தங்கள் திருமணத்துக்கான அழைப்பிதழிலிருந்து மேடையின் பின்திரை வரைக்கும் அனைத்தையும் தாங்களே கையால் செய்யப்போவதாகச் சொன்னார்கள். நானும் என் மனைவியும் எங்கள் திருமணத்துக்கு அதையே செய்தவர்கள் என்பதால் யோசனை கேட்டார்கள். நான் கொஞ்சம் சொன்னேன், என் மனைவி அதை மறுத்து வேறு கொஞ்சம் சொன்னார், கடைசியில் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம். திருமண நாளுக்கு முன்பே முடித்து, பெட்டியில் போட்டு மூடி வைக்கக்கூடியது எதுவோ அதை நீங்களே செய்யுங்கள். அன்று காலையில் கை வைத்தே ஆகவேண்டியது எதுவோ அதைப் பிறரிடம் விட்டுவிடுங்கள். இந்தக் கணக்கின்படி அழைப்பிதழ் முழுவதும் உங்களுடையது. அலங்காரத்தில் பாதிகூட உங்களுடையது அல்ல. இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அழைப்பிதழ் என்றவுடன் எல்லோரும் முதலில் கணினியைத் திறந்து வடிவமைப்பில் இறங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அழகான சதுர வடிவில் ஒன்றை வரைந்து முடித்த பிறகுதான், அந்த அளவுக்கு உறை எங்கும் எளிதில் கிடைக்காது என்று தெரிந்தது. முதலில் உறையை வாங்கிவிட்டு அதற்குள் என்ன அடங்கும் என்று பார்ப்பதே சரியான வரிசை. ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் ஏ5, அதை ஒருமுறை மடித்தால் ஏ6 அளவு, அதாவது 105 மில்லிமீட்டருக்கு 148 மில்லிமீட்டர். அதற்கென்றே இருக்கும் சி6 உறையின் அளவு 114-க்கு 162. அகலத்தில் 9 மில்லிமீட்டர்தான் இடம் மிஞ்சுகிறது என்பதைக் கவனியுங்கள். மேலே ரிப்பன் முடிச்சு, காய்ந்த பூ, அரக்கு முத்திரை என்று ஆசைப்பட்டு ஒட்டினால், தட்டையாக இருந்தபோது சுகமாக உள்ளே போன அட்டை, முடிச்சுக்குப் பிறகு உறையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அஞ்சலில் அனுப்புவதாக இருந்தால் எடையையும் பார்க்க வேண்டும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராம் கணக்கில். ஒரு சதுர மீட்டரில் 16 ஏ4 தாள்கள் அடங்கும். ஆகவே 300 ஜிஎஸ்எம் அட்டையில் ஒரு ஏ4 ஏறத்தாழ 19 கிராம், அதில் பாதி ஒன்பதரை கிராம். உறை, உள்தாள், ரிப்பன் எல்லாம் சேர்த்து ஒன்றை முழுதாகச் செய்து தராசில் வைத்துப் பார்த்த பிறகு மீதியைச் செய்யுங்கள்.

இனி மடிப்பு. கையால் செய்த அழைப்பிதழைக் கையால் செய்ததுபோல் அசிங்கமாகக் காட்டுவதும், அச்சகத்தில் செய்ததோ என்று ஐயுற வைப்பதும் இந்த ஒரு மடிப்புதான். தாள் தயாராகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் கோடு வழுவழுப்பாக விழும். குறுக்காக மடித்தால் தடித்த அட்டை முதுகில் வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை பல்லிளிக்கும். எது எந்தத் திசை என்று தெரிந்துகொள்ளத் தாளை மடிக்காமல் மெதுவாக இரு பக்கமும் வளைத்துப் பார்த்தால் போதும், எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ அதுவே மடிக்க வேண்டிய பக்கம். பிறகு இரும்பு ஸ்கேலை வைத்து, மை தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் ஒரே அழுத்தத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரல் நுனிக்குத்தான் தெரியும். என் மனைவி கோடு இழுப்பார், நான் அதைத் தடவிப் பார்த்து மடிப்பேன், மடித்த ஓரத்தை ஒரு கரண்டியின் முதுகால் தேய்ப்பேன். ஒருநாள் அவர் இல்லாதபோது அவசரத்தில் கோடே இழுக்காமல் இருபது அட்டைகளை மடித்து வைத்தேன். வந்தவர் ஒன்றைக் கையில் எடுத்து, திறந்து, மூடி, எதுவும் சொல்லாமல் தனியே ஓரமாக வைத்தார். இருபதும் அப்படியே ஓரமாகப் போயின. அட்டையின் மேல் அடர்நிறத்தை லேசரில் அச்சிட்டிருந்தோம் என்பதால் பாதிப்பு இன்னும் அதிகம். லேசர் அச்சில் பொடி உருகித் தாளின் மேற்பரப்பில் படலமாக ஒட்டுகிறதே தவிர ஊறிப்போவதில்லை, அதனால் மடிப்பில் அது பொடிப்பொடியாக உதிரும். மடிப்புக் கோட்டின் மேல் நிறம் வராதபடி வடிவமைப்பதே நல்லது. இன்க்ஜெட்டில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் ஈர விரல் பட்டால் பெயர் கரைந்துவிடும். வியர்க்கும் கை உள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும். எங்கள் வீட்டில் அது நான்தான்.

அச்சுக்கு வெளியே கொடுப்பதாக இருந்தால் மூன்று விஷயங்களைச் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள். படங்கள் அச்சிடும் அளவில் 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், இருக்க வேண்டும். ஓரம் வரை நிறம் வருவதாக இருந்தால், வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நிறம் நீண்டிருக்க வேண்டும். எழுத்துருக்கள் பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே உள்ள கணினியில் கோப்பைத் திறக்கும்போது உங்கள் பெயரிலுள்ள கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் தனித்தனியே நிற்கும். வழிகாட்டும் வரைபடத்துக்காகக் கியூஆர் குறியீடு சேர்ப்பவர்கள், அது வெளிர் பின்னணியில் அடர்நிறமாக இருக்கிறதா, சுற்றிலும் வெற்றிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரையில் அல்லாமல் அச்சிட்ட தாளிலிருந்து இரண்டு மூன்று கைபேசிகளில் சோதித்துவிடுங்கள். சந்தன நிறத் தாளில் பொன்னிறக் குறியீடு பார்க்க வெகு அழகு, எந்தக் கைபேசியும் அதைப் படிக்காது.

எங்கள் பெரிய தவறு இதிலெல்லாம் நடக்கவில்லை. 150 அழைப்பிதழ்களும் அச்சாகி, வெட்டி, மடித்து, அடுக்கி வைத்த பிறகு தேதி சரியாகவும் கிழமை தவறாகவும் இருப்பதைக் கண்டுபிடித்தோம். நான் வாசகத்தை எழுதியது முந்தைய ஆண்டில். பக்கத்தில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தே கிழமையைப் போட்டிருக்கிறேன். ஓர் ஆண்டின் 365 நாட்களில் 52 வாரங்கள் போக ஒரு நாள் மிஞ்சுகிறது, ஆகவே அதே தேதி அடுத்த ஆண்டில் ஒரு கிழமை தள்ளி விழும்; இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளும். பள்ளியில் படித்த இந்தக் கணக்கு எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அந்த வாசகத்தை நாங்கள் இருவரும் குறைந்தது முப்பது முறையாவது படித்திருப்போம், முப்பது முறையும் அது எங்கள் கண்ணில் படவில்லை. எழுதியவர் கண் எழுத நினைத்ததைத்தான் படிக்கும். இப்போது யார் கேட்டாலும், திருமணத்தைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் அச்சுக்கு முன் மெய்ப்பைக் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லி, நாள்காட்டியைப் பிரித்து ஒப்பிடச் சொல்லுங்கள் என்கிறேன். தொலைபேசி எண்ணை அந்தத் தாளைப் பார்த்தே அழைத்துப் பார்க்கவும் சொல்கிறேன். நாங்கள் என்ன செய்தோம் என்றால், பச்சைத் தாளில் 150 சின்ன இலைகளை வெட்டி, சரியான கிழமையை அவற்றில் எழுதி, தவறின் மேல் ஒட்டினோம். பலரும் அதை ஒரு வேலைப்பாடு என்றே எண்ணிப் பாராட்டினார்கள். ஒரே ஒரு பெரியவர் மட்டும் இலையை நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்து, மேலே இருக்கும் நாளில் வருவதா, கீழே இருக்கும் நாளில் வருவதா என்று கேட்டார்.

அழைப்பிதழில் தவறுக்கு இலை ஒட்ட நேரம் இருந்தது. அலங்காரத்தில் அந்த வாய்ப்பு இல்லை என்பதுதான் என் வாதத்தின் அடிப்படை. மூன்று மாதம் முன்பு தொடங்கிய ஒரு வேலையில் பிழை நேர்ந்தால் தூங்கி எழுந்து திருத்தலாம். அரங்கு கையில் கிடைத்து விருந்தினர் வருவதற்குள் இருக்கும் நான்கைந்து மணி நேரத்தில், அதுவும் மணமக்களாக நீங்கள் குளித்து உடுத்திக்கொண்டிருக்க வேண்டிய மணி நேரத்தில், ஏணி ஆடினால் ஆடியதுதான்.

ஆகவே அலங்காரத்தை இரண்டாகப் பிரியுங்கள். காகித விசிறிகள், கிரேப் காகிதப் பூக்கள், மேசை எண்கள், பெயர்ச்சீட்டுகள், நூலில் கோத்த தோரணங்கள் ஆகியவை முன்கூட்டியே செய்து வைக்கத் தகுந்தவை. கிரேப் காகிதத்துக்கும் ஒரு திசை உண்டு. சுருக்கங்கள் இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓடும்படி வெட்டினால், இரு கட்டைவிரல்களாலும் நடுவில் மெல்ல இழுத்துக் கிண்ணம்போல் குழிக்கலாம். குறுக்கே வெட்டினால் இதழ் குழியாது, சப்பையாகவே நிற்கும். முதல் பத்துப் பூக்கள் குப்பைக்குத்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தொடங்குங்கள். பூக்களை ஈரம் படாத இடத்தில் வையுங்கள், ஏனென்றால் அந்தக் காகிதத்தின் சாயம் ஒரு சொட்டுத் தண்ணீருக்கே இறங்கி வெள்ளை மேசைவிரிப்பைப் பாழாக்கும். இவற்றின் பக்கத்தில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. சுடர்தான் வேண்டும் என்றால் மின்கலத்தில் எரியும் எல்இடி விளக்குகள் போதும். சூடான பசைத் துப்பாக்கியைப் பயன்படுத்துபவர்கள் பக்கத்தில் குளிர்ந்த நீரை வைத்துக்கொள்ளவும். என் மனைவியின் ஆள்காட்டி விரலில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது, அது எந்தப் பூவுக்காக என்றுகூட அவருக்கு நினைவிருக்கிறது.

உயிர்ப் பூக்கள், பலூன்கள், பின்திரை ஆகியவை மறுபக்கம். பறித்த பூ காத்திருக்காது. தண்டைச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளை நீக்கி, வெயில் படாமல், பழுக்கும் பழங்களுக்கு அருகில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழங்கள் வெளிவிடும் எத்திலீன் வாயு பூக்களைச் சீக்கிரம் வாட்டிவிடும். இதையெல்லாம் தொழிலாகச் செய்பவருக்கு இது பழக்கம், உங்களுக்கு அது முதல்நாள் இரவின் தூக்கம். ஹீலியம் நிரப்பிய 11 அங்குல லேடெக்ஸ் பலூன் சுமார் அரை நாள்தான் மிதக்கும், அதனால் அதையும் அன்றேதான் நிரப்ப வேண்டும். பின்திரை விஷயத்தில் எனக்கு இருந்த தன்னம்பிக்கையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. வீட்டுச் சுவரில் ஒட்டிப் பார்த்தபோது கம்பீரமாக நின்ற காகித விசிறிகள், அரங்கின் பெரிய மேடையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டன. மேடையின் அகலத்தை அளக்காமல், புகைப்படத்தைப் பார்த்தே முடிவு செய்திருந்தோம். போதாததற்கு, இருபக்கமும் ஒட்டும் டேப் அந்தச் சுவரின் வண்ணத்தோடு பெயர்ந்து வந்தது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் ஏமாறுவது அங்கேதான். ஒரு அழைப்பிதழைச் செய்து பார்த்து எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிடாதீர்கள். பத்தைத் தொடர்ந்து செய்து பாருங்கள். எங்களுக்குப் பத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது, 150-க்குப் பதினைந்து மணி நேரம். இருவர் இருக்கிறோமே, ஏழரை மணி நேரத்தில் முடியும் என்று நான் வகுத்தேன், முடியவில்லை. பசை காய வேண்டும், ஒருவர் கோடு இழுக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும், உறைமேல் முகவரி எழுத நல்ல கையெழுத்து ஒருவருக்குத்தான் இருக்கும்.

அந்த ஒருவரைப் பற்றித்தான் எனக்குக் கூடுதலாக ஒரு கருத்து. ‘நாங்களே செய்தோம்’ என்று பெருமையாகச் சொல்லும் பல தம்பதிகளிடம் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், ஒருவர் செய்திருப்பார், மற்றவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார். நானும் முதல் மாதம் அந்த இரண்டாமவனாகவே இருந்தேன். சந்தன நிறத் தாளா, வெள்ளைத் தாளா என்று இருவருக்கும் பெரிய சண்டை வந்தபோது, ‘கருத்துச் சொல்ல வேண்டுமானால் கத்தரிக்கோலைக் கையில் எடுங்கள்’ என்றார் அவர். அதன் பிறகு எங்களுக்குள் ஒரு விதி உருவானது: எந்த வேலையை யார் செய்கிறாரோ அதில் அவர் சொல்வதே முடிவு, வெறுமனே பார்ப்பவருக்கு வாக்கு கிடையாது. தாள் வெட்டும் வேலையை நான் ஏற்றுக்கொண்டதால் சந்தன நிறம் வென்றது.

இன்னொன்று, யாரும் முன்கூட்டி நினைத்துப் பார்க்காதது. கட்டியதைக் கழற்றவும் ஆள் வேண்டும், அந்த ஆளிடம் முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். எங்களுக்கு அது நினைவுக்கு வந்தபோது விருந்தினர் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள், அரங்கைப் பூட்டுபவர் வாசலில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றார், என் மைத்துனர் ஏணியின் உச்சியில் நின்றபடி காகித விசிறிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கீழே போட, புதுத்துணியோடு நானும் என் மனைவியும் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவருக்குக் கீழே நின்றோம்.