ஈத் தூண்டில்

(பாம்பன். மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் படகு கரையிலதான். சூசை மாமா கிழிஞ்ச வலைய முடிஞ்சுக்கிட்டு இருக்காரு, மருமகன் ராயப்பன் போனோட வர்றான்.)

சூசை: வாடா மாப்ள, வீட்டுப்பக்கம் பூனை எதும் பாத்தியா? நம்ம சேவக் கழுத்துல இறகே இல்ல.

ராயப்பன்: பூனையா... அத விடுங்க மாமா, இங்க பாருங்க, ஈ வச்சு மீன் புடிக்கிறாய்ங்க!

சூசை: ஈயா? கருவாட்டுல மொய்க்கிறத அள்ளித் தாரேன், கிலோ என்ன வெலை?

ராயப்பன்: நெஜ ஈ இல்ல மாமா, தூண்டி முள்ளுல இறகு, நூலு சுத்தி ஈ மாதிரி கட்டுறது. ஆத்துல ஒரு பூச்சி மாசக்கணக்கா தண்ணிக்குள்ள கெடந்து றெக்க மொளச்சு மேல வந்தா ஒரு நாளோ ரெண்டு நாளோதான் உசுரு, அப்ப ட்ரவுட்னு ஒரு ஆத்து மீனு தாவித் தாவித் திங்கும், நாம அதே கலரு அதே சைசுல கட்டிப் போடணும், இல்லைனா திரும்பிக்கூட பாக்காது.

சூசை: மீனா, பொண்ணு பாக்க வந்தவனாடா அது? நம்ம ஊழி மீனு எது மின்னினாலும் கவ்வும். சரி, இறகு எப்பிடி தூரமாப் போவும், ஈயம் உண்டா?

ராயப்பன்: கனமெல்லாம் கயித்துலதான். முன்னயும் பின்னயும் சாட்டை மாதிரி வீசுனா கயிறே அந்த ஈப்பூச்சியக் கூட்டிட்டுப் போவும். அதுவும் ஆளே இல்லாத எடமாப் பாத்துப் போவாய்ங்க மாமா, ரஷ்யாவுல கம்சட்கானு ஒண்ணு, ஹெலிகாப்டர்லதான் எறங்கணும், கரையில கரடி நிக்கும், செலவே லட்சக்கணக்குல.

சூசை: லட்சமா! அப்ப டன் கணக்குல மீன் படுமோ?

ராயப்பன்: நாலஞ்சு படும். போட்டோ எடுத்துட்டு அதையும் தண்ணியிலயே விட்டுருவாய்ங்க.

சூசை: (வலை ஊசி கீழ விழுது) விட்டுருவானா! நானும்தான் பாதி நாளு ஆளில்லாத கடல்ல நின்னுட்டு வெறுங்கையோட வர்றேன், எவன்டா என்னையப் போட்டோ எடுத்தான்?

ராயப்பன்: அந்த சுகமே வேற மாமா. இடுப்பளவு தண்ணியில தனியா நின்னா தண்ணிச் சத்தம் மட்டுந்தான், போன் டவரே கெடையாது.

சூசை: டவர் கெடையாதா? அட்வான்ஸ் குடுத்த யாவாரி கூப்பிட்டா?

ராயப்பன்: கெடைக்க மாட்டீங்க.

சூசை: (கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு) கம்சட்காவுக்கு ராம்நாட்டுலேர்ந்து பஸ்ஸு இருக்காடா?

ராயப்பன்: மொதல்ல பழகணும் மாமா. நானே ஒண்ணு கட்டிருக்கேன், பாருங்க.

சூசை: அடேய், செவப்பும் கருப்புமா என்னமா மின்னுது! என்ன இறகு?

ராயப்பன்: சேவக் கழுத்து இறகு, நல்லா மெதக்கும்.

சூசை: எந்தச் சேவல்?

ராயப்பன்: ...

சூசை: எடுபட்ட பயலே, அது அந்தோணியாருக்கு நேந்துவிட்ட சேவல்டா!

ராயப்பன்: (ஓடிக்கிட்டே) உசுரோட திருப்பி விட்டுட்டேன்ல மாமா, அதான் ரூல்ஸு!