ரோட்டரி சங்கம்: கோடீசுவரர்களின் தர்ம மடமா?

சிற்றூர் வணிகர்களின் சமூகத்தொண்டைப் பாராட்டும் பதிவுகளில், ரோட்டரி சங்கம் ஏழைகளுக்கு உதவுவதற்காகக் கோடீசுவரர்கள் தொடங்கியது என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. இது தவறு.

1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் ஓர் அலுவலக அறையில் கூடிய நால்வரில், அழைப்பு விடுத்த பால் ஹாரிஸ் வழக்கறிஞர்; மற்றவர்கள் ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் வணிகர். பெருநகரில் நட்புத் தேடியும், ஒருவர் தொழிலுக்கு மற்றவர் கைகொடுக்கவுமே அவர்கள் கூடினர். கூட்டம் ஒவ்வொருவர் அலுவலகமாகச் சுழன்றதால்தான் ‘சுழல்வது’ என்று பொருள்படும் ரோட்டரி என்ற பெயரே வந்தது. தொண்டு என்ற நோக்கம், தங்களுக்குள் மட்டும் ஆதாயம் தேடும் சங்கம் நிலைக்காது என்று 1906இல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வழக்கறிஞர் வாதிட்ட பிறகே வலுப்பெற்றது.

அவர்களுடைய முதல் பெரிய பொதுப்பணியும் அன்னதானமோ மருத்துவமனையோ அன்று, சிகாகோவில் பொதுக் கழிப்பறை அமைக்கும் முயற்சி. அதற்கும் எதிர்ப்பு வந்தது: ஆண்களுக்கு மதுக்கடைகளிலும் பெண்களுக்குப் பெருங்கடைகளிலும் வசதி இருக்கிறதே என்றார்கள், அங்கே நுழைபவர் ஏதாவது வாங்கித்தான் தீர வேண்டும் என்பதைச் சொல்லாமல்.