நரம்பு பிசகவில்லை

‘பிட்டத்தில் முழங்கையால் ஒரே அழுத்து, பிசகிய நரம்பு இடத்தில் உட்கார்ந்துவிடும், சயாட்டிகா (பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி) போயே போச்சு’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. கீழ் முதுகிலிருந்து பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பு விரல் தடிமன் இருக்கும்; அது பிசகுவதில்லை. பெரும்பாலும் முதுகெலும்பு ஜவ்வு பிதுங்கி நரம்பின் வேரை உறுத்துகிறது. சிலருக்குத்தான் பிட்டத்தின் ஆழத்திலுள்ள பிரிஃபார்மிஸ் தசை நெருக்குகிறது (பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸோடு மணிக்கணக்கில் உட்காருபவர்கள் கவனிக்க). பிசியோதெரபிஸ்ட் கையால் அந்தத் தசையைத் தளர்த்தினால் கொஞ்ச நாள் வலி குறையலாம். கூடவே உடற்பயிற்சியும் வேண்டும். பலருக்கு 6 முதல் 12 வாரங்களில் தானாகவே தணியும். ஆனால் சிறுநீர் வராமல் கட்டினாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ அமுக்கிவிட ஆள் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.