மாவுக்கும் அனுமதி வேண்டுமா?

அம்மா போடும் கோலத்தில் முக்கால்வாசி தெருவில்தான் இருக்கும். மார்கழியில் 15 புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டால் எதிர்வீட்டு வாசலைத் தொட்டுவிடும். பால்காரர் வண்டியை ஒடித்து ஓரமாகப் போவார். ஒன்பது மணிக்குள் டயர் பட்டுக் கலைந்துவிடும். அது மாநகராட்சி இடம், யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

2019 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை காலை பெசன்ட் நகரில் சிலர் போட்டதும் கோலம்தான். கூடவே குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம், என்ஆர்சி எனும் தேசியக் குடிமக்கள் பதிவேடு வேண்டாம் என்று எழுதினார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அனுமதி இல்லை என்பது சொன்ன காரணம். மறுநாளே கோபாலபுரத்தில் கருணாநிதி வீட்டு வாசலில் அதே வாசகத்தோடு கோலம் வந்தது.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஜனவரியில் தார்ச் சாலையிலேயே கோலப் போட்டி நடக்கிறதே, அதற்கு அனுமதி இருக்கிறது என்பீர்கள். சரி. அம்மா யாரிடம் வாங்கினார்? மாவில் குற்றம் இல்லை, எழுத்தில்தான் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும்.

பொது இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்க நம்மிடம் 1959ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. போஸ்டருக்கும் பெயிண்டுக்கும் அது நியாயம். சுரண்ட ஆள் வேண்டும், செலவாகும். அரிசி மாவுக்கு எறும்பே போதும்.

2006இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் அலெக்சாண்டர் ஓரியன் என்ற கலைஞர் சுரங்கப்பாதைச் சுவரில் படிந்திருந்த வண்டிப் புகைக்கரியைத் துணியால் துடைத்துத் துடைத்தே வரிசை வரிசையாக மண்டையோடுகளை வரைந்தார். போலீஸ் வந்தது. சுவரைத் துடைத்தவர் மேல் என்ன வழக்குப் போடுவது? விட்டுவிட்டார்கள். அப்புறம் நகராட்சி ஆட்கள் வந்து படம் இருந்த பகுதியை மட்டும் கழுவினார்கள். மற்ற இடத்துக் கரி அப்படியே இருந்தது. நம் ஊரிலும் இதேதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். உறுத்துவது அழுக்கு இல்லை, படம்.

தன் வாசலில் அந்த வாசகம் பிடிக்காதவர் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு. தண்ணீரில் போகும் மாவும் சாக்பீஸும் குற்றம் ஆகாது என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். எங்கள் பஸ் ஸ்டாண்ட் பிளாட்பாரத்தில் சாக்பீஸால் ஆஞ்சநேயரும் ஏசுவும் வரையும் பெரியவருக்கும் அந்த வரி வேண்டும். போலீஸ் ஜீப் திரும்புவதைப் பார்த்ததும் பாதி வரைந்த வாலை அப்படியே விட்டுவிட்டு, காசு விழும் துண்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்.