அந்தத் ‘தானே’தான் கழுத்தை அறுக்கிறது

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் கிளப் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஆட்டம்தான், பந்து பெரிது, வீச்சு கீழ்க்கையில்) அணியை நடத்துகிறவர்களுக்கு எரிச்சலூட்ட ஒரே வாக்கியம் போதும்: “கிளப் டீம்தானே?” மைதானம் ஒதுக்குகிறவர் அதைத்தான் சொல்கிறார், நிதி ஒதுக்கும் மாணவர் மன்றமும் அதைத்தான் சொல்கிறது. அவர்களோடு மல்லுக்கட்டலாம். ஆனால் விரும்பிப் பெயர் கொடுத்து, சந்தாவும் கட்டிய பெண், சனிக்கிழமை காலை ஆட்டத்துக்கு வெள்ளி இரவு 11 மணிக்கு “நாளைக்கு வரலை, சாரி” என்று குழுவில் செய்தி போடுகிறாளே, அவளுக்குள்ளும் அந்தத் ‘தானே’ உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணியான வார்சிட்டி அணிக்குச் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர், பிசியோ, மைதான ஊழியர் எல்லாரும் உண்டு. கிளப் அணிக்குத் தலைவியும் பொருளாளரும் பாதுகாப்புப் பொறுப்பாளரும் மாணவிகளே. அம்பயருக்குச் சொல்வது, வேன் பிடிப்பது, பயணப் படிவம் கொடுப்பது, பில் சேர்ப்பது எல்லாமே வகுப்புக்கும் லேபுக்கும் நடுவில் நடக்கிற வேலை.

செப்டம்பரில் 25 பேர் வந்து நின்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். மிட்டெர்ம் (பருவ நடுத்தேர்வு) வந்ததும் கூட்டம் கரையும். வசந்தகால ஆட்டங்கள் தொடங்கும்போது கையில் 12 பேர் இருந்தாலே பெரிது. களத்தில் 9 பேர் வேண்டும். 12 பேரில் ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கு, ஒருத்திக்குத் திங்கட்கிழமை தேர்வு என்றால் மிச்சம் 10. வெள்ளி இரவு இரண்டு செய்தி வந்தால் 8. எட்டுப் பேரோடு ஆட அனுமதிக்கும் போட்டியிலும், காலியான இடத்தின் பேட்டிங் முறை வரும்போதெல்லாம் ஒரு அவுட் எழுதுவார்கள். அனுமதி இல்லையென்றால் ஆட்டமே எதிரணிக்குப் போகும். அந்த அணி மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கும். அம்பயர்களுக்குப் பேசிய கூலியையும் கொடுத்தாக வேண்டும்.

வராமல் போனவள் பிட்சராக, அதாவது பந்து வீசுகிறவளாக இருந்தால் கதையே வேறு. சாஃப்ட்பாலில் பிட்சரை ஒரு வாரத்தில் உருவாக்க முடியாது. பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடை ஏறக்குறைய 180 முதல் 200 கிராம். கிரிக்கெட் பந்தைவிடப் பெரிது, கனமும் கூட. அதைக் கையை முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்பருகே விடுவித்து, 43 அடி தள்ளி, அடிக்கிறவள் நிற்கும் இடத்தில் பதித்திருக்கும் தட்டான ஹோம் பிளேட்டின் 17 அங்குல அகலத்துக்குள் போட வேண்டும். மணிக்கு 60 மைல் வேகத்தில் வந்தால் அடிக்கிறவளுக்கு அரை நொடிகூடக் கிடைக்காது. பள்ளிக் காலத்திலிருந்தே வீசிப் பழகியவள்தான் இதைச் செய்வாள். கிளப் அணியில் அப்படி ஒருத்தி, மிஞ்சினால் இரண்டு பேர் இருப்பார்கள். இரண்டாமவள் வரவில்லை என்றால் வார இறுதியின் மூன்று ஆட்டங்களும் ஒரே தோளில் ஏறும். ஏழு இன்னிங்ஸ் வீதம் 21. இன்னிங்ஸுக்கு 15 பந்து என்று வைத்தாலே 300 தாண்டுகிறது. “கீழ்க்கை வீச்சுதானே, தோளுக்கு ஒன்றும் ஆகாது” என்று ஆறுதல் சொல்ல யாராவது வருவார்கள். தவறு. காற்றாடி போலச் சுழலும் இந்த வீச்சில் தோளின் முன்புறம், புஜத்தசை எலும்போடு சேருகிற இடத்தில் கடுமையான இழுவிசை விழுகிறது. ஞாயிறு மாலை தலை வாரக் கையைத் தூக்க முடியாமல் நிற்கிறவளுக்கு, வராதவள் என்ன பதில் சொல்வாள்?

இனி மைதானம். சாஃப்ட்பாலுக்கு இன்ஃபீல்ட், அதாவது பேஸ்களைச் சுற்றிய உட்களம், முழுவதும் மண்ணாக, மேடில்லாமல் இருக்க வேண்டும். ஓடித் தொட வேண்டிய மூலைகளான பேஸ்களுக்கு இடையே 60 அடி. ஒதுக்கித் தருவதோ பல நேரம் பேஸ்பால் மைதானம்: 90 அடி இடைவெளி, உள்ளே புல், நடுவில் 10 அங்குல உயர மேடு. அங்கே சாஃப்ட்பால் ஆடவே முடியாது. சரியான மைதானம் கிடைத்தாலும் முதல் அரை மணி நேரம் குழி தேடுவதில் போய்விடும். பேஸைச் செருகும் இரும்புக் குழாய்கள் மண்ணுக்கடியில் இருக்கும். மூடி தொலைந்து மண் அடைத்திருக்கும். நீண்ட ஆணியால் குத்திக் குத்திப் பார்த்து, கரண்டியால் தோண்டியெடுக்க வேண்டும். ஹோம் பிளேட்டின் கூர்முனையிலிருந்து இரண்டாம் பேஸின் நடுப்புள்ளி வரை 84 அடி 10¼ அங்குலம். டேப்பில் அது சரியாக வராவிட்டால் ஏதோ ஒரு மூலை தப்பு என்று அர்த்தம்.

மழை பெய்திருந்தால் தேங்கிய நீரைத் துடைப்பத்தால் புல் பக்கம் தள்ளுவதே பலரின் பழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள்! நீரோடு மண்ணும் போய்ப் புல் விளிம்பில் படிந்து வரப்பாக எழும்பும். உருண்டு போகிற பந்து அதில் பட்டுத் துள்ளி யாருடைய முகத்திலாவது அடிக்கும். ஸ்பாஞ்சாலோ கைப்பம்பாலோ நீரை எடுத்து, மிச்ச ஈரத்துக்குச் சுட்ட களிமண் குருணை தூவி, அது ஊறியபின் கிளறிவிடுங்கள். மண்ணைச் சமப்படுத்த இழுவை வலை போடும்போதும் மெதுவாக, விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளியே இழுக்க வேண்டும். பேஸ் பாதையைக் கையால், நீளவாக்கில் மட்டும் வாருங்கள். இத்தனையும் காலை ஏழு மணிக்கு, எட்டுப் பத்து மாணவிகள் செய்கிற வேலை. வராதவளின் பங்கும் அவர்கள் முதுகில்தான்.

பேட் இன்னொரு வயிற்றெரிச்சல். நல்ல காம்போசிட் (இழைகளைப் பிசினில் இறுக்கிச் செய்த) பேட் 350 டாலருக்கு மேல். குளிர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் அதை வெளியே எடுக்கக் கூடாது, இழையில் விரிசல் விழலாம். பந்துவீச்சு இயந்திரத்தில் போடுகிற, மேலெல்லாம் சிறு குழிகள் உள்ள பந்தையும் அதால் அடிக்கக் கூடாது. அதற்குப் பழைய அலுமினிய பேட் இருக்கிறது. இதையெல்லாம் பயிற்சிக்கு வந்தால்தான் கேட்பாள். வராதவள் ஆட்ட நாளன்று வந்து பொதுப் பேட்டைக் குளிரில் தூக்கி விளாசுவாள். விரிசல் விழுந்தால் சந்தாப் பணம் போச்சு.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்க 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டத்தின் விளையாட்டு விதிகள் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளோடு நிற்கவில்லை. கிளப் விளையாட்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. ஆண்கள் பேஸ்பால் கிளப்புக்கு விளக்கு வெளிச்ச மைதானத்தில் மாலை நேரம், பெண்களுக்கு இரவு பத்து மணிக்கு உள்ளரங்கத் தரை என்று கொடுத்துவிட்டு “கிளப்தானே” என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஒதுக்கீட்டு அட்டவணைகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதியோடு எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு பதிவில் நிற்காது.

அணிப் பெண்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. புதன் இரவு 9 மணிக்குள் ‘வருகிறேன்’ அல்லது ‘வரவில்லை’. காய்ச்சலோ தேர்வோ வீட்டு விசேஷமோ, ‘வரவில்லை’ என்று எழுதுவதில் ஒரு குற்றமும் இல்லை. புதனன்றே தெரிந்தால் அவுட்ஃபீல்டில் இருப்பவளை இரண்டாம் பேஸுக்குப் பழக்கலாம், ஓட்டுநர் அனுமதி உள்ளவள் வேறு யாரென்று பார்க்கலாம், எதிரணியிடம் இரண்டு ஆட்டமாகக் குறைக்கச் சொல்லலாம். வெள்ளி இரவு 11 மணிக்குத் தெரிந்தால், ஏற்கனவே தோள் வலிக்கிறவளைத்தான் எழுப்பி, “மூணாவது ஆட்டமும் நீயே போடுறியா?” என்று கேட்க வேண்டும்.