பத்து நாளில் ஆஸ்பத்திரி: பாதி உண்மை

'சீனாக்காரன் 10 நாளில் ஆஸ்பத்திரி கட்டினான், மதுரை எய்ம்ஸ் இன்னும் இழுக்குது, நம்ம ஆளுங்க சோம்பேறி' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது.

10 நாள் என்பது சரிதான். ஊஹானின் ஹோஷென்ஷான் மருத்துவமனை 2020 ஜனவரி 23-இல் அறிவிக்கப்பட்டு பிப்ரவரி 2-இல் தயாரானது. ஆனால் அது நிரந்தரக் கட்டடம் இல்லை. ஆலையில் செய்த அறைப் பெட்டிகளைக் கொண்டுவந்து பொருத்திய, சுமார் 1,000 படுக்கை கொண்ட அவசரகால ஏற்பாடு. 2003-இல் சார்ஸ் நோய்க்காகப் பெய்ஜிங்கில் கட்டிய மருத்துவமனையே அதற்கு முன்மாதிரி. ஊஹான் மருத்துவமனையை 2020 ஏப்ரலிலேயே மூடியும் விட்டார்கள்.

எய்ம்ஸுக்கு வருவோம். அடிக்கல் 2019 ஜனவரியில். ஜப்பான் அரசின் கடனுதவி அமைப்பான ஜைக்காவுடன் கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில். மருத்துவமனைக் கட்டுமானம் தொடங்கியதோ 2024 மார்ச்சில். ஆக, முதல் ஐந்து வருடம் சுற்றுச்சுவரைத் தவிர வேறெதற்கும் கொத்தனார் கரண்டியைத் தொடவே இல்லை. கடன், டெண்டர் என்று காகிதத்தில்தான் ஓடியது. அப்புறம், கான்கிரீட்டின் வலிமையையே, வார்த்த 28-ஆம் நாள் செய்யும் சோதனையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். பல மாடி நிரந்தரக் கட்டடத்தைப் பத்து நாளில் யாரும் வார்த்து முடிக்க முடியாது, சீனாவிலும்தான்.

தாமதத்தைத் திட்டுங்கள், தப்பில்லை. வெயிலில் சித்தாள் வேலை பார்ப்பவரைத் திட்டாதீர்கள்.