மின்சாரத்தை அளந்து சாவி எடுப்பதும் ஏஇஎஸ் உடைவதும் ஒன்றல்ல

சிப்பின் மின் நுகர்வை அளந்தே ஆராய்ச்சியாளர்கள் ரகசியச் சாவியை எடுத்துவிட்டார்கள், ஆகவே ஏஇஎஸ் குறியாக்கம் (தகவலை ஒரு ரகசிய எண்ணால், அதாவது சாவியால், பூட்டும் முறை) உடைந்துவிட்டது என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். முதல் பாதி உண்மைதான் அண்ணா. இரண்டாவது பாதி அப்படியில்லை.

நம் கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரிக்கு வெளியே நின்றாலே, உள்ளே ரோலர் ஓடுகிறதா டிரையர் ஓடுகிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடலாம். பூட்டை யாரும் உடைக்கவில்லையே! 1999இல் ஆராய்ச்சியாளர்கள் பால் கோச்சர், ஜோஷுவா ஜாஃப், பெஞ்சமின் ஜுன் மூவரும் காட்டியதும் இதைத்தான்: கணக்கு போடும்போது சிப் இழுக்கும் மின்சாரம் ஏறி இறங்குவதில் சாவி கசிகிறது. குறை ஏஇஎஸ்ஸின் கணிதத்தில் இல்லை, அதைச் செய்யும் சிப்பில். அதனால்தான் சிப் வடிவமைப்பாளர்கள் கணக்கின் நடுவே தற்செயல் எண்களைக் கலந்து கசிவை மறைக்கிறார்கள். அருமையான ஆராய்ச்சி இது, தவறாகப் பரவக் கூடாது.

சரி, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 'டிஃபரன்ஷியல் பவர் அனாலிசிஸ்' என்று தேடி அந்த மூவரின் கட்டுரைச் சுருக்கத்தைப் படியுங்கள். மின் நுகர்வு அளவீடு பற்றித்தான் பேசுகிறது. அப்புறம், ஏஇஎஸ் முறையை வரையறுக்கும் ஃபிப்ஸ் 197 என்ற தர ஆவணம், அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2001இல் வந்தது, 2023இல் புதுப்பித்தார்கள். அப்போதும் கணிதத்தை மாற்றவில்லை.